ஏர் மீண்ட நிலமும் ஏறிய கடனும்
போருக்குப் பிந்திய வன்னிக் கமத்தொழில்: ஒரு வரலாற்று நோக்கு

போர்களின் வரலாற்றை எழுதுவோர், படைக்கலங்கள் ஓய்ந்த நாளுடன் எழுதுகோலையும் கீழே வைத்துவிடுவது வழக்கம். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது முடிவாகிவிட்டால் அவர்கள் சொல்லவந்த கதை முடிந்துவிடுகின்றது. கமக்காரனுடைய கதையோ அந்த நாளிலேதான் மீண்டும் ஆரம்பமாகின்றது. தூர்ந்த கிணற்றை இறைத்து, பற்றை மூடிய வயலை வெட்டித் திருத்தி, விதைநெல்லுக்கு யாரிடம் போவது என்று கையைப் பிசைந்து நிற்கும் அவனுக்குப் போர் முடிந்தது என்பது ஒரு செய்தி. வாழ்வு தொடங்கிவிட்டது என்பதற்கு அது சான்றாகாது.

2009ஆம் ஆண்டு மே மாதம் இலங்கையின் உள்நாட்டுப் போர் முள்ளிவாய்க்கால் மணற்பரப்பிலே முடிவுற்றது. அதன்பின் வன்னிப் பெருநிலத்திலே கமத்தொழில் எவ்வாறு மீண்டது, எவ்வளவுக்கு மீண்டது, எங்கே தடைப்பட்டு நின்றது என்பனவற்றை ஆராய்வதே நமது நோக்கம். இதனை ஒரு நிவாரணக் கணக்காக அன்றி வரலாறாகவே நோக்க விரும்புகின்றோம். வன்னி மண்ணைத் திருத்திக் குடியமைக்கும் முயற்சி 2009இல் முதன்முதலாக மேற்கொள்ளப்பட்ட ஒன்றன்று. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு முழுவதிலும் மூன்று வினாக்களே திரும்பத் திரும்ப எழுகின்றன. நிலம் யாருக்கு? நீர் யாருக்கு? விளைவின் பயன் யாருக்கு?

காடும் குளமும்

வன்னியின் இயற்கையை அறியாதார் அதன் வரலாற்றையும் அறியமாட்டார். அங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாரிக்காலத்திலே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. ஆறுகள் சில மாதங்கள் பாய்ந்து ஏனைய மாதங்களில் மணற்றடமாகக் கிடக்கின்றன. ஆகவே பெய்த நீரை மறித்துத் தேக்கும் குளமின்றி அங்கே குடியிருப்பு இல்லை. குளத்தின் கட்டு உடைந்தால் வயல் காடாகும். காடு வந்தால் நுளம்பு வரும். நுளம்பு வந்தால் மலேரியாக் காய்ச்சல் எஞ்சிய குடிகளையும் துரத்திவிடும்.

1803இல் பண்டாரவன்னியன் பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ந்து தோல்வியுற்றபின் வன்னி அந்நிய ஆட்சியின் கீழ் முற்றாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அது குடித்தொகை அருகிய, குளங்கள் தூர்ந்த நிலமாகவே இருந்தது. 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி பற்றிய கைநூலைப் புரட்டுவோர் அந்நிலையைக் காணலாம். பின்னர்தான் அரசாங்கத்தின் பார்வை குளங்களின்மீது திரும்பியது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920ஆம் ஆண்டளவிலே நிறைவேறியது. குளம் இருந்தது, வயலுக்கு ஆள் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆள் இருந்தனர், நிலம் இல்லை. இவ்விரண்டையும் பொருத்தும் முயற்சியாகவே 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தோன்றியது.

இவ்விடத்தில் ஒரு சட்டத்தைக் குறிப்பிடுதல் வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணி பெற்ற குடியேற்றவாசிக்குக் கிடைத்தது உறுதியன்று, அனுமதிப்பத்திரமே. காணியை அவன் விரும்பியவாறு விற்கவோ, குறித்த அளவுக்குக் கீழே பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ முடியாது. ஏழைக் கமக்காரன் கடனுக்காகக் காணியை இழந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது உண்மையே. ஆனால் அதே சட்டம், பின்னுரிமை குறிப்பிடப்படாதவிடத்துப் பெண்மக்களைப் பின்தள்ளி ஆண்மக்களுக்கு முதலிடம் தந்தது. தலைமுறைகள் பெருகப் பெருக, பதிவிலே ஒரு பெயரும் வயலிலே நான்கு குடும்பங்களும் இருக்கும் நிலை உண்டாயிற்று. அமைதிக் காலத்திலே இது உறவினருக்குள் தீர்க்கப்பட்ட சங்கடம். போருக்குப் பின்னர் அது எத்தகைய பெருந்துன்பமாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

சுதந்திரத்தின் பின்னர் இரணைமடுவின் கட்டு மேலும் உயர்த்தப்பட்டது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய பண்டைய குளங்கள் மீண்டும் திருத்தப்பட்டன. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளித்து, வயற்சொந்தக்காரன் பெறும் பங்கையும் வரையறுத்தது. அச்சட்டம் எதிர்ப்புகளால் நலிவடைந்ததாயினும், உழுபவனுக்கும் உரிமை உண்டு என்பதை இந்நாட்டிலே சட்டமொழியில் எழுதிவைத்தது அதுவே.

1970 முதல் 1977 வரையான காலத்தை வன்னிக் கமக்காரர் இன்றும் மறவார். செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிலே படித்த வாலிபருக்கென வகுக்கப்பட்ட குடியேற்றத் திட்டங்கள் செழித்தன. உத்தியோகம் தேடி அலைந்தவன் மண்வெட்டி பிடித்துக் கல்வீடு கட்டினான். 1977இல் பொருளாதாரக் கதவுகள் திறந்துவிடப்பட்டபோது மலிவான இறக்குமதி உள்ளே வந்தது, விலை வீழ்ந்தது, கல்வீட்டுக் கனவும் உடன் வீழ்ந்தது. விளைவிப்பவனின் உழைப்பு எவ்வளவு பெரிதாயினும், சந்தையின் கதவு யார் கையில் உள்ளதோ அவன் கையிலேதான் அவ்வுழைப்பின் பலன் தங்கியுள்ளது என்னும் பாடத்தை வன்னி முதன்முதலாக அன்றுதான் கற்றது.

அக்காலத்தில் வன்னிக்கு வந்த இன்னொரு மக்கட்பிரிவையும் நாம் மறத்தல் கூடாது. 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களால் விரட்டப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் வன்னியிலே தஞ்சம் புகுந்தனர். இவர்கள் காடு வெட்டினர்; வயலில் நாற்று நட்டனர்; வெங்காயம் கிண்டினர். மண்ணைத் திருத்திய கை இவர்களுடையது. மண்ணுக்குரிய பத்திரமோ பெரும்பாலும் இன்னொருவருடையது. வன்னியின் நிலவுடைமை வரலாற்றை எழுதும்போது இந்த உண்மையை மறைத்துவிட்டுத் தமிழரின் துன்பம் என்று பொதுப்படப் பேசுவது நேர்மையாகாது.

போரின் கணக்கு

வன்னியின் போர்க்காலம் முழுவதையும் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. கமத்தொழிலுடன் தொடர்புடைய சில நிகழ்ச்சிகளையே எடுத்துக்கொள்வோம். 1984இன் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய மணலாற்றுப் பகுதிக் கிராமங்களின் தமிழர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய வயல்கள் மகாவலித் திட்டத்தின் கீழ் வேறு குடியேற்றங்களுக்கு உரியனவாயின. 1990இல் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அவர்களுடைய வயல்களும் மாடுகளும் தோட்டங்களும் கேட்பாரற்றுப் போயின. இரு கொடுமைகளிலும் விரட்டப்பட்டவர் பெரும்பாலும் உழுதும் வலைவீசியும் உண்டவரே. ஒன்றைக் கண்டித்து மற்றொன்றைப் பேசாதிருப்பது வரலாறாகாது.

1990 முதல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, பசளை, எரிபொருள், சீமெந்து, மின்கலம் ஆகியவற்றை வன்னிக்கு எட்டாப் பொருள்களாக்கியது. 1995இல் குடாநாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் வன்னிக்குப் பெயர்ந்தனர். 1996இல் கிளிநொச்சி படையினர் வசமாயிற்று. நகர மக்கள் மல்லாவி, அக்கராயன் போன்ற உட்பகுதிகளில் ஒதுங்கினர். 1998இல் நகர் மீண்டும் கைமாறியபோது அது இடிபாடாகவே கிடந்தது. 2002இன் போர்நிறுத்தம் சில ஆண்டு மூச்சுவிட இடம் தந்தது. 2004இன் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2006 ஆவணியில் ஏ9 வீதி மூடப்பட்டது. 2009 சனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி அரசபடைகளிடம் வீழ்ந்தது.

பொருளியல் நோக்கில் இவற்றைப் பார்ப்போமாயின் ஓர் உண்மை தெளிவாகும். இடம்பெயர்வு என்பது மனிதர் இடம்மாறுவது மாத்திரமன்று. ஒரு தலைமுறை சேர்த்த மூலதனம் ஓரிரவில் அழிவது. கமக்காரனுடைய மூலதனம் வங்கியில் இல்லை. விதைநெல்லும், பசுவும், உழவு இயந்திரமும், நீரிறைக்கும் இயந்திரமும், கூரையின் ஓடும், மனைவியின் காதிற்கிடந்த தோடுமே அது. ஒவ்வோர் இடப்பெயர்விலும் அதில் ஒரு பகுதி குறைந்தது. கடைசி இடப்பெயர்வில் மக்கள் கூரைத் தகரத்தையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியிலே ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிச் சென்றனர். அந்த இயந்திரங்களும் ஈருருளிகளும் கடற்கரை மணலிலே எரிந்த இரும்பாகக் கிடந்தன. உயிர்தப்பியோர் உடுத்த உடையுடன் முகாமுக்குள் சென்றனர்.

மீண்டும் ஏர்

மூன்று இலட்சத்துக்கு அண்மித்த மக்கள் செட்டிகுளம் மனிக்பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2009 ஐப்பசி முதல் அவர்கள் படிப்படியாக மீளக் குடியமர்த்தப்பட்டனர். மனிக்பாம் 2012 புரட்டாதியிலேதான் மூடப்பட்டது. திரும்பிய குடும்பத்துக்கு 25,000 ரூபா கொட்டில் உதவியும், தகரமும் தறப்பாளும், ஆறு மாத உலர் உணவும் கிடைத்தன. இவ்வளவே முதல்.

வயலுக்குள் இறங்குவதற்கோ முதலில் உயிர்ப்பயம் நீங்க வேண்டியிருந்தது. முகமாலை தொடங்கி முல்லைத்தீவு வரை மண்ணுள் புதைந்திருந்த மிதிவெடிகளை அங்குலம் அங்குலமாகத் தேடி எடுத்தோர் பலர். அவர்களுட் கணிசமானோர் போரிலே கணவனை இழந்த பெண்கள். தம் பிள்ளைகளின் சோற்றுக்காக அவர்கள் மண்டியிட்டுத் தோண்டிய நிலத்திலேதான் பின்னர் நெல் விளைந்தது. வன்னியின் மீட்சியைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் அவர்களுக்கே தலைவணங்குதல் வேண்டும்.

அரசாங்கம் 'வடக்கின் வசந்தம்' என்ற பெயரில் திட்டம் வகுத்தது. இந்திய அரசு 500 உழவு இயந்திரங்களையும், விதை, கருவி முதலியவற்றையும் வழங்கியது. வாய்க்கால்கள் துப்புரவாக்கப்பட்டன, உடைந்த சிறுகுளங்கள் சில கட்டப்பட்டன. காலபோகம் மீண்டும் விதைக்கப்பட்டது. கையில் ஒன்றுமில்லாத மக்கள், ஒருவர் உழவு இயந்திரத்தை இன்னொருவர் மாறிப் பெற்று, கூலிக்குக் கூலி கொடுத்து, சில ஆண்டுகளுக்குள் இரணைமடு வெளியைப் பச்சையாக்கினர். இது சிறிய சாதனையன்று. அச்சாதனைக்கு உரியவர் அம்மக்களேயாவர்.

ஆயினும் வயல் பச்சையாவதும் வீடு நிமிர்வதும் ஒன்றல்ல. அரசாங்கப் புள்ளிவிவரமே இதனைக் காட்டுகின்றது. 2012/13ஆம் ஆண்டுக்கான குடும்ப வருமானச் செலவு ஆய்விலே முல்லைத்தீவு மாவட்டத்தில் 28.8 வீதமானோர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தனர். நாட்டின் சராசரியோ 6.7 வீதம். 2016இல் நாட்டின் சராசரி 4.1 வீதமாகக் குறைந்தது; முல்லைத்தீவும் 12.7 வீதத்துக்கு இறங்கியது. ஆனால் கிளிநொச்சி 12.7 வீதத்திலிருந்து 18.2 வீதத்துக்கு ஏறி, நாட்டின் மிக வறிய மாவட்டமாயிற்று. பெருங்குளமும் பெருவயலும் பெருவீதியும் உள்ள மாவட்டத்திலே, அமைதி நிலவிய நான்கு ஆண்டுகளில், வறுமை ஏன் பெருகியது? இந்த வினாவுக்கு விடை காண்பதே நமது தலையாய கடமை.

கடன் என்னும் புதிய மாரி

விடையின் ஒரு பகுதி கடன். ஏ9 வீதி திறந்தது. 2013இல் புகையிரதம் கிளிநொச்சிக்கும், 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. வீதியின் இருமருங்கிலும் வங்கிக் கிளைகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் முளைத்தன. முதலெல்லாம் இழந்து நின்ற மக்களுக்கு முதல் கொடுப்பதற்குப் பதிலாகக் கடன் கொடுக்கப்பட்டது. இதுவே போருக்குப் பிந்திய பொருளாதாரத்தின் உயிர்நாடி. இதுவே அதன் நோயும்.

அந்நோய் எவ்வாறு பற்றுகின்றது என்பதை விளக்குவோம். நெல் விளைவிப்பவனுக்கு வருமானம் ஆண்டுக்கு இருமுறை வருகின்றது. சிறுபோகத்திலே நீர்ப்பங்கு கிடையாதவனுக்கு ஒருமுறையே. உழவு இயந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பெற்ற குத்தகைக் கடனுக்கோ மாதந்தோறும் தவணை கட்டவேண்டும். பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்த நுண்கடனுக்குக் கிழமைதோறும் காசு. பயிர் வளரும் நாலு மாதமும் பணம் வராது, தவணையோ நிற்காது. ஆகவே ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொன்றிடம் கடன். அதற்கும் வழியில்லாவிட்டால் நகை அடைவு. நகையும் முடிந்தால் விளையாத நெல்லையே முன்விலைக்கு வியாபாரியிடம் விற்றல். அறுவடை வந்தபோது நெல் அவனுடையதன்று.

வீட்டுத்திட்டமும் இதற்குத் துணைபோயிற்று. இந்திய உதவியால் கட்டப்பட்ட வீடுகளுக்கு ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா தவணை முறையிலே கொடுக்கப்பட்டது. கூரைக்கு ஏங்கிய மக்களுக்கு அது பேருதவியே. எனினும் சீமெந்தும் கல்லும் மரமும் விலையேறிய காலத்திலே அப்பணம் பலருக்கு யன்னல் மட்டத்துடன் முடிந்தது. மிகுதியைக் கடன் கட்டியது. வீடு எழுந்தது, வீட்டுக்குள் வருமானம் எழவில்லை.

இச்சுமை யார் தலையில் விழுந்தது? 2010இல் அரசாங்கத் தரப்பினரே வெளியிட்ட கணக்கின்படி வடக்கிலும் கிழக்கிலும் 89,000 பெண்கள் போரினாற் கணவரை இழந்தவர்கள். காணாமலாக்கப்பட்டோரின் மனைவியர் இதற்கு மேலே. இப்பெண்களே நுண்கடன் முகவரின் முதல் வாடிக்கையாளர். 2018இல் இலங்கை வந்து ஆராய்ந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர், சில நுண்கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம்வரை செல்வதைச் சுட்டிக்காட்டினார். மாலையில் வாசலில் வந்து நிற்கும் வசூலாளனுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களும் உண்டு. மக்கள் போராடிய பின்னரே 2018இல் வறட்சியுற்ற 12 மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. வட்டிக்கும் 35 வீதம் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 35 வீதத்தையே சலுகையாகக் கருதவேண்டிய நிலையிலே ஒரு சமூகம் இருந்தது என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும்.

உலக வரலாற்றிலே இது புதுமையன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவிலே, 1865 சனவரியில், தளபதி ஷேர்மன் தென்கரையோர நிலங்களை விடுதலைபெற்ற அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர்வரை பிரித்துக்கொடுக்கக் கட்டளையிட்டார். அவ்வாண்டு முடியுமுன் ஜனாதிபதி ஜோன்சன் அந்நிலங்களைப் பழைய சொந்தக்காரருக்கே திருப்பிவிட்டார். நிலமற்றுப்போன கறுப்பின உழவர், கடைக்காரனிடம் விதையும் உணவும் கடனாகப் பெற்று, விளையப்போகும் பருத்தியை ஈடுவைத்துப் பயிரிட்டனர். ஆண்டு முடிவிலே கணக்குப் பார்த்தால் கடனே மிஞ்சும். சங்கிலி அறுந்தது, கணக்குப் புத்தகம் அதன் இடத்தைப் பிடித்தது. நிலம் கொடாத விடுதலை எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

நிலமும் நீரும்

விடையின் மறுபகுதி நிலம். போர் முடிந்த பின்னரும் மக்களின் காணிகள் பல படைமுகாம்களாகவே நீடித்தன. வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்கள் 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயத்துள் கிடந்தன. முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் தம் வயலையும் தோப்பையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தனர். வன்னியிலே படையினரும் சிவில் பாதுகாப்புத் திணைக்களமும் பண்ணைகளை நடத்தினர். ஒருகாலத்தில் தம் நிலத்திலே விளைவித்தோர் அப்பண்ணைகளில் சம்பளத்துக்கு வேலைசெய்தனர். போர்க்காலத்திலே கைவிடப்பட்டுப் பற்றை வளர்ந்த வயல்களிலே வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டியது. குண்டுக்கு அஞ்சி ஓடியவன் திரும்பிவந்தபோது, 'நீ ஓடியதனால் இது காடாயிற்று. காடாயினமையால் இது உனதன்று' என்று சட்டம் அவனுக்குச் சொல்லிற்று!

இந்நிலையை மாற்றியது மக்களின் உறுதியே. 2017 தை இறுதியிலே பிலக்குடியிருப்புப் பெண்கள் குழந்தைகளுடன் முகாம் வாசலிலே அமர்ந்தனர்; ஒரு மாதத்தின் பின் தம் காணியை மீட்டனர். 1992இல் இரணைதீவிலிருந்து வெளியேற்றப்பட்ட கடற்றொழிலாளர், 2018 சித்திரையிலே படகேறிச் சென்று தம் தீவிலே தாமே இறங்கினர். எந்த நிபுணரின் அறிக்கையும் செய்யாததை அவர்களுடைய கால்கள் செய்தன.

காணி விடப்பட்டாற் போதுமா? முன்னர்க் குறிப்பிட்ட அனுமதிப்பத்திரத்தின் சிக்கல் இங்கேதான் வெளிப்படுகின்றது. பத்திரங்கள் எரிந்தன, தொலைந்தன, பத்திரத்திலே பெயருள்ளவன் இறந்தான் அல்லது காணாமற் போனான். மரணப் பதிவு இல்லாதவிடத்து மனைவிக்கு உரிமை மாறவில்லை. உரிமை இல்லாதவிடத்து மானியமும் பயிர்க்கடனும் இழப்பீடும் இல்லை. ஆண்வழி முதன்மை 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திலேதான் நீக்கப்பட்டது. 87 ஆண்டுகள் காத்திருந்த நீதி அது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மக்களிற் பலருக்கோ இழப்பதற்குப் பத்திரமே இருந்ததில்லை. குடியிருக்கும் துண்டுக்கு உறுதியும் வயலும் இல்லாத இவர்கள் கூலியை நம்பியே வாழ்ந்தனர். போருக்குப் பின் அறுவடை இயந்திரங்கள் பெருகின. அரிவு வெட்டும் சூடடிக்கும் இருந்த கூலியும் சுருங்கியது. முதல் உள்ளவனுக்கு இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தியது. நிலமற்றவனுக்கு அது அடுப்பை அணைத்தது. ஏ9 வீதியோரத்து ஆடைத் தொழிற்சாலைகளிலே அவர்களுடைய பெண்மக்கள் ஏன் வரிசையாக நின்றனர் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீரின் கதை இன்னும் நுண்ணியது. இரணைமடுவின் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் உண்டு. ஆனால் சிறுபோகத்திலே அத்தனைக்கும் நீர் போதாது. எனவே ஆண்டுதோறும் கமக்காரர் கூட்டம் கூடி, குளத்தில் நிற்கும் நீரை அளந்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்மானிக்கின்றனர். இந்த வழக்கம் நமது கிராமங்களின் மக்களாட்சி. இதற்கிடையே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இரணைமடுவிலிருந்து குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் முன்வைக்கப்பட்டது. தம் சிறுபோகம் போய்விடும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். கிணறுகளில் உவரும் பசளை நஞ்சும் ஏறிய குடாநாட்டு மக்களுக்கும் தாகம் பொய்யன்று. இரு தரப்பும் உண்மை பேசின. ஆயினும் பிரதேசப் பகைமையை மூட்டி அரசியல் லாபம் தேடியோரும் இருந்தனர். முடிவிலே குடாநாட்டின் தேவைக்காகத் தாழையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024இல் திறக்கப்பட்டது. இரணைமடுவின் கொள்ளளவு 36 அடியாக உயர்த்தப்பட்டு 2018 மார்கழியில் விழாவும் நடந்தது. அம்மாதமே பெருவெள்ளம் வந்து வயல்களை மூடியது. பொறியியலால் மாத்திரம் தீராத பிரச்சினைகள் உண்டு என்பதற்கு இதுவும் ஒரு நினைவூட்டல்.

சந்தையின் கதவு

மாசி, பங்குனியிலே வன்னியின் நெல் ஒருசேர அறுவடையாகின்றது. உலர்த்தத் தளமும் வைக்கக் களஞ்சியமும் இல்லாத சிறு கமக்காரன், தவணைக்காரன் வாசலில் நிற்கையிலே ஈரநெல்லை வயல்வரம்பிலேயே வந்த விலைக்கு விற்கின்றான். 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை இந்த அநீதியைத் தடுப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. ஆனால் அச்சபையின் கதவு திறக்குமுன் ஏழையின் நெல் வியாபாரியின் லொறியில் ஏறிவிடுகின்றது. பிந்தித் திறக்கும் கதவால் பயன்பெறுவோர் நெல்லைப் பதுக்கிவைக்க வசதியுள்ளவரே. 1977இன் பாடம் இன்னொரு வடிவிலே மீண்டும் படிக்கப்படுகின்றது.

அதற்கு மேலே 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே உத்தரவிலே தடைசெய்யப்பட்டது. பசளைத் தடை என்பதன் பொருளைத் தொண்ணூறுகளிலேயே அறிந்த வன்னி, அதனை இரண்டாம் முறை அனுபவித்தது. இம்முறை பொலன்னறுவையும் அனுராதபுரமும் அம்பாந்தோட்டையும் சேர்ந்து அனுபவித்தன. தடை அவ்வாண்டு கார்த்திகையிலே நீக்கப்பட்டபோதும் காலபோக விளைச்சல் வீழ்ந்துவிட்டது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. தோட்டக் கிணற்றில் இயந்திரம் வைத்து இறைத்தவனும், சிறுபடகில் கடலுக்குப் போனவனும் ஒரே அடியில் வீழ்ந்தனர். தெற்கிலே சிங்கள உழவன் தெருவுக்கு வந்தபோது அவன் உரைத்த முறைப்பாடு நமது கமக்காரனின் முறைப்பாடாகவே இருந்தது. மொழி வேறு, வயிறு ஒன்று. இந்த உண்மையை இரு பக்கத்திலும் உரத்துச் சொல்லுதல் எழுத்தாளரின் கடமை.

நாம் கேட்பது

இதுவரை கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு எளிது. போரினால் முதலிழந்த மக்களைக் கடனால் எழுப்ப முடியாது. முதலாவது தேவை நிலம்: படையும் திணைக்களங்களும் பிடித்த காணி உரியவருக்கு, காணாமலாக்கப்பட்டோரின் மனைவியருக்குத் தடையற்ற உரிமை, நிலமே இல்லாத மலையக வழி மக்களுக்கு, அவர்கள் திருத்திய மண்ணிலே ஒரு பங்கு, விரட்டப்பட்ட முஸ்லிம் கமக்காரனுக்கும் மணலாற்றுத் தமிழனுக்கும் தத்தம் வயல். இரண்டாவது தேவை, விளைவின் காலத்தை அறிந்த கடன்: அறுவடையிலே திருப்பிக் கட்டும், பயிர் அழிந்தால் பொறுத்துக்கொள்ளும் கடன். மூன்றாவது தேவை, தளமும் களஞ்சியமும் ஆலையும் கமக்காரர் கையிலே இருத்தல்.

இவை எட்டாக் கனவுகள் அல்ல. 1911இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்த இந்நாட்டிலே, யாழ்ப்பாணம் கூட்டுறவுக்குப் பேர்பெற்ற இடம். வீ. வீரசிங்கம் போன்றோர் கிராமம் கிராமமாகச் சென்று கட்டிய சங்கங்கள் வட்டிக்கடைகளுக்கு எதிராக நின்றன. மூளாயிலே வைத்தியசாலையையே கூட்டுறவாக நடத்தினர். எழுபதுகளிலே சீவல் தொழிலாளர் தம் சங்கங்களை அமைத்துத் தவறணை முதலாளியின் பிடியிலிருந்து விடுபட்டனர். அன்று தாழ்த்தப்பட்டவர் எனப்பட்டோர் செய்துகாட்டியதை இன்றைய வன்னியின் பெண்கள் செய்ய முடியாதென்று கூறுவோர் அப்பெண்களை அறியாதவர். கூட்டுறவுச் சங்கங்களிலும் ஊழலும் அரசியற் தலையீடும் நுழைந்தமை உண்மையே. அதற்கு மருந்து உறுப்பினரின் விழிப்பே தவிர, குத்தகைக் கம்பனியன்று.

வெட்டுண்டு தலையிழந்து நின்ற பளைத் தென்னைகளின் அருகே புதுக்கன்றுகள் வளர்ந்துவருகின்றன. தென்னை காய்க்க ஆண்டுகள் சில செல்லும். அது காய்க்கும்போது தேங்காய் நட்டவனுக்கா, வட்டிக்காரனுக்கா என்பது மழையோ மண்ணோ தீர்மானிக்கும் விடயமன்று. நாம் எல்லோரும் சேர்ந்து தீர்மானிக்கவேண்டியது.